19 நாட்கள் அசையாத 41.5 பாகை

திருகோணமலை உவர்மலையில் ஒரு கட்டடத்தின் பின்வளவில் நிற்கும் 4.5 மீற்றர் செய்மதி அன்டெனாவையும், அதன் முதுகில் பூட்டியிருக்கும் இரண்டு அம்பிளிபயர்களையும் பராமரிப்பது பல ஆண்டுகளாக என் வேலையாக இருந்துவருகிறது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் கிளையின் தரவு முழுவதும் இந்த அன்டெனா வழியாகத்தான் கொழும்புக்குப் போய்வந்தது. வேறு பாதை இருக்கவில்லை. வெளியில் நிற்கும் அம்பிளிபயரை உள்ளே இருந்தபடி கண்காணிப்பது பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதியை நான் கையேடுகளைப் படித்து அறிந்ததில்லை. மழையிலும் உப்புக்காற்றிலும் பட்டுத்தான் அறிந்தேன். அவற்றுள் சிலவற்றை, இதே வேலையில் இருப்பவர்களுக்கு உதவக்கூடும் என்பதால் எழுதிவைக்கிறேன்.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது சி அலைவரிசை. உள்ளே இருக்கும் மோடம் 950 மெகாஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட எல் அலைவரிசையில் தரும் சமிக்ஞை ஒரு கேபிள் வழியாக வெளியே போகும். அங்கே அம்பிளிபயர் அதை 6 கிகாஹேர்ட்ஸ் அளவிலான மீடிறனுக்கு உயர்த்தி, 40 வாட் வரை பெருக்கி, அன்டெனாவுக்கு வலுவைக் கொண்டுபோகும் வேவ்கைட் என்ற உலோகக் குழாய்க்குள் தள்ளும். 6 கிகாஹேர்ட்ஸில் பெருக்கிய வலுவை உள்ளிருந்து நீண்ட கேபிளில் அனுப்பினால் பாதிக்கு மேல் கேபிளே தின்றுவிடும் என்பதனாலேயே அம்பிளிபயரை அன்டெனாவின் முதுகில் கொண்டுபோய் வைக்கிறார்கள். அதனால் நிலையத்திலேயே விலை கூடிய பெட்டி வெயிலிலும் மழையிலும் நிற்க, நாங்கள் குளிரூட்டிய அறைக்குள் இருந்து அதை ஒரு திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஏ, பி என்று இரண்டு அம்பிளிபயர்கள் உண்டு. ஒன்று அன்டெனாவுக்கு வலு கொடுக்கும்போது மற்றது, வலுவை வெறும் வெப்பமாக மாற்றிவிடும் சுமையொன்றுக்குள் அதைக் கொட்டியபடி தயாராக நிற்கும். முதலாவது செத்தால், கட்டுப்பாட்டுப் பெட்டி வேவ்கைட் சுவிட்சைத் திருப்பி இரண்டாவதை அன்டெனாவோடு இணைத்துவிடும்.

இனி அந்த இரவுக்கு வருகிறேன். மார்கழி மாதம், வாடைக்காற்றோடு விடாமல் மழை பெய்துகொண்டிருந்தது. அதிகாலை 2 மணிக்குச் சற்று முன்னர் கொழும்பில் இரவுக் கடமையில் இருந்த பொறியியலாளர் அழைத்தார். "அண்ணை, உங்கட கரியர் விழுந்திட்டுது. ஸ்பெக்ட்ரத்தில ஒண்டுமே இல்லை" என்றார். கரியர் என்பது எங்கள் தரவைச் சுமந்துகொண்டு செய்மதிக்கு ஏறும் அலை. மழையங்கியைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது திரையில் ஏ சிவப்பாக இருந்தது. சுவிட்ச் பிக்குத் திரும்பியிருந்தது. பி பச்சையாக, வெப்பநிலை 41.5 பாகை, வெளியீட்டு வலு வழமையான அளவு, கோளாறு எதுவும் இல்லை என்று காட்டிக்கொண்டிருந்தது. ஏ செத்தது, பி பொறுப்பேற்றது, ஆனால் கரியர் இல்லை. பி நன்றாக இருப்பதாகத் திரை சொல்வதால் நான் மற்ற எல்லாவற்றையும் சந்தேகித்தேன். மோடத்தை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், சுவிட்ச் பாதியில் இறுகியிருக்குமோ என்று அதை இரண்டு தடவை திருப்பினேன். இப்படியே இரண்டு மணித்தியாலம் போயிற்று.

என்னை நிறுத்தியது அந்த 41.5தான். உயிரோடு இருக்கும் அம்பிளிபயரின் வெப்பநிலை ஓரிடத்தில் நிற்காது, 41.5, 41.7, 41.4 என்று சில விநாடிக்கொருமுறை தசமத்தில் ஆடிக்கொண்டே இருக்கும். அதற்கு முன் ஓய்வாக இருந்த அம்பிளிபயர் முழு நேரமும் வெப்பச் சுமைக்கு வலு கொடுத்துக்கொண்டிருந்தாலும்கூட, மழை பெய்து வெளியே 24 பாகைக்கு இறங்கிய இரவில் அந்த எண் கீழே வந்திருக்க வேண்டும். நான் திரையின் முன்னால் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஐந்து நிமிடம் நின்றேன். எண் அசையவில்லை. இரண்டு அம்பிளிபயர்களின் மின்வழங்கலையும் உள்ளே நிறுத்தி, திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே ஏறினேன். பியின் உலோகச் செதிள்களின் மேல் உள்ளங்கையை வைத்தபோது அது மழையில் நனைந்த கருங்கல்லைப் போலக் குளிர்ந்திருந்தது. அரை மணித்தியாலத்துக்கு முன்னர் நிறுத்திய அம்பிளிபயர்கூட அவ்வளவு குளிராது. அது செத்து நெடுநாளாகியிருந்தது.

அன்டெனாத் தூணின் அடியில், பிக்குப் போகும் மின் கேபிளையும் கட்டுப்பாட்டுக் கேபிளையும் இணைப்பதற்காக நாங்களே முன்னொருநாள் பொருத்திய பிளாஸ்ரிக் சந்திப்பெட்டி ஒன்று இருந்தது. மூடியைக் கழற்றியதும் ஒரு தேநீர்க் கோப்பையளவு தண்ணீர் என் காலில் ஊற்றியது. உள்ளே செப்புக் கம்பிகள் எல்லாம் மயில்துத்தத்தின் நிறத்துக்கு மாறியிருந்தன. 48 வோல்ற் இணைப்பின் நேர்முனையில் ஆணி கரைந்து, ஒரு பச்சைப் பொடிக் குவியல் மட்டுமே மிஞ்சியிருந்தது. பெட்டியின் மேற்பக்கத்தில் கேபிள் நுழையும் துளை வழியாகத் தண்ணீர் கேபிளின் மேல் வழிந்து நேரே உள்ளே இறங்கியிருக்கிறது. கேபிளை எப்போதும் பெட்டியின் அடிப்பக்கமாக நுழைக்க வேண்டும், நுழையுமுன் அதைக் கீழே தொங்கவிட்டு வளைத்து மேலே எடுக்க வேண்டும், அப்போதுதான் துளி வளைவின் அடியில் சொட்டிவிடும் என்பது எந்த மின்னியலாளருக்கும் தெரிந்ததே. எனக்கும் தெரியும். அந்தப் பெட்டியைப் பொருத்திய நாளில் அவசரம்.

விடிந்தபின் சந்திப்பெட்டியை வெட்டி எறிந்துவிட்டு, கேபிள்களை நேரடியாக இணைத்து, காலை 8.40 அளவில் கரியரைத் திரும்பக் கொண்டுவந்தோம். ஏயின் உள்ளே மின்வழங்கல் பலகை எரிந்திருந்தது. அது இயல்பான சாவு; அதற்காகத்தானே இரண்டாவது பெட்டி. என்னை உறுத்தியது பி ஏன் சொல்லாமல் செத்தது என்பதுதான். அதைத் தேடியபோது ஒன்றல்ல, இரண்டு காரணங்கள் கிடைத்தன. இரண்டும் எங்கள் கைவேலை.

முதலாவது, கண்காணிப்பு மென்பொருள். எங்கள் கணினி ஆர்.எஸ். 485 என்ற கம்பித் தொடர்பில் ஒவ்வோர் அம்பிளிபயரையும் 10 விநாடிக்கொருமுறை அதன் முகவரி சொல்லிக் கூப்பிட்டு, "வெப்பநிலை என்ன, வலு என்ன, கோளாறு உண்டா" என்று கேட்கும். இந்த முறையில் அம்பிளிபயர் தானாக வாய் திறப்பதில்லை; கேட்டால் மட்டும் பதில் சொல்லும். பதில் வராவிட்டால் என்ன செய்வது என்பதை மென்பொருளை எழுதியவர் தீர்மானித்திருக்க வேண்டும். எங்களுடையது கடைசியாகக் கிடைத்த பதிலையே திரையில் வைத்துக்கொண்டிருந்தது. பதிவுக் கோப்பைத் திறந்து பார்த்தபோது 19 நாட்களாகப் "பதில் இல்லை" என்ற வரி 10 விநாடிக்கு ஒன்றாக எழுதப்பட்டிருந்தது. ஒரு நாளைக்கு 8,640 வரிகள். மொத்தம் 1,64,000க்கும் மேல். கணினி முறையிட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறது, யாரும் திறந்து பார்க்காத ஒரு கோப்புக்குள்.

இரண்டாவது, கோளாறுத் தொடுப்பு. அம்பிளிபயருக்குள் ஒரு ரிலே, அதாவது மின்னால் இயங்கும் சிறு சுவிட்ச், இருக்கும். கோளாறு வந்தால் அதன் தொடுப்பு மாறும். மென்பொருளை நம்பாமல், கட்டுப்பாட்டுப் பெட்டி இந்தத் தொடுப்பைப் பார்த்துத்தான் எந்த அம்பிளிபயர் நலம் என்று முடிவெடுக்கும். ரிலேயில் மூன்று முனைகள் உண்டு: பொது முனை, நலமாக இருக்கும்போது மூடியிருக்கும் முனை, கோளாறின்போது மூடும் முனை. நாங்கள் மூன்றாவதை எடுத்திருந்தோம். சுற்று மூடினால் கோளாறு, திறந்திருந்தால் நலம். பி மின்சாரம் இழந்ததும் ரிலே விழுந்து தொடுப்பை மூடத்தான் செய்தது. ஆனால் அந்தக் கம்பியும் அதே சந்திப்பெட்டிக்குள் அறுந்துபோயிருந்ததால், மூடிய செய்தி உள்ளே வந்து சேரவில்லை. திறந்த சுற்று நலம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. சுற்று மூடியிருந்தால் மட்டுமே நலம் என்று கம்பி போட்டிருந்தால், கோளாறு வந்தாலும், மின்சாரம் போனாலும், கம்பி அறுந்தாலும், எலி கடித்தாலும் சுற்றுத் திறந்து மணி அடித்திருக்கும். திருட்டு எச்சரிக்கை மணிகளைப் பொருத்துபவர்கள் காலங்காலமாகச் செய்வது இதைத்தான். இரண்டு கம்பிகளை அடுத்தடுத்த முனைக்கு மாற்றுவதற்கு எனக்கு எடுத்த நேரம் ஐந்து நிமிடம்.

அன்றிலிருந்து எங்கள் திரையில் ஒவ்வோர் அளவீட்டின் பக்கத்திலும் அது கிடைத்த நேரம் இருக்கும். 60 விநாடிக்கு மேல் பழையதானால் எண் சாம்பல் நிறமாகிவிடும். மூன்று நிமிடத்துக்கு மேல் பதில் இல்லாவிட்டால் அதுவே ஒரு கோளாறாக அறிவிக்கப்படும். அத்துடன் மாதத்தில் ஒரு நாள், போக்குவரத்துக் குறைந்த அதிகாலையில், ஏயிலிருந்து பிக்குச் சுவிட்சைத் திருப்புகிறோம்; அடுத்த மாதம் பியிலிருந்து ஏக்கு. காத்திருக்கும் பெட்டி நலமாக இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எதுவும் எனக்குத் தெரியாது. நன்றாக ஓடுவதை ஏன் தொடுகிறீர்கள் என்று முகாமையாளர் ஒருவர் ஒருமுறை கேட்டார். அந்த 19 நாட்களின் பதிவை அச்செடுத்து அவருக்குக் காட்டினேன்.

தொலைவிலிருந்து பார்ப்பதைவிடத் தொலைவிலிருந்து கட்டளையிடுவது ஆபத்தானது. அதையும் நான் சொந்தச் செலவில் படித்தேன். கொழும்பில் ஒரு பயிற்சிக்குப் போயிருந்த நாளில், எங்கள் கரியர் சற்றுக் கூடுதல் வலுவில் போகிறது, ஒன்றரை டெசிபெல் குறைக்க முடியுமா என்று செய்மதிக் கட்டுப்பாட்டு நிலையத்தார் கேட்டார்கள். அங்கிருந்தே மடிக்கணினியைத் திறந்து அம்பிளிபயரின் வலுவைக் குறைக்கும் மெலிப்புப் பெட்டியில் 1.5 என்று அடிக்க வேண்டிய இடத்தில் புள்ளியை விட்டு 15 என்று அடித்துவிட்டேன். 15 டெசிபெல் என்றால் வலு ஏறத்தாழ முப்பத்திரண்டில் ஒரு பங்காகிவிடும். கரியர் இரைச்சலுக்குள் மூழ்கியது. நான் கட்டளை அனுப்பிய பாதையும் அதே கரியர்தான். நுனிக்கொம்பில் இருந்துகொண்டு அடிக்கொம்பை வெட்டுவது என்பார்களே, அதுதான். திருகோணமலையில் காவலாளி ஐயா இருந்தார்; உள்ளே இருக்கும் முகப்புப் பலகையில் நான்கு பொத்தான்களை அழுத்தச் சொன்னால் போதும். ஆனால் அறையின் திறப்பு என் சட்டைப் பையில், கொழும்பில் இருந்தது. இரவுப் பேருந்தில் ஏறி விடியற்காலை வந்து சேர்ந்தேன். அந்தப் பயணம் முழுக்க ஒரு புள்ளியை நினைத்துக்கொண்டே வந்தேன்.

இதற்குப் பின்னர் மூன்று மாற்றங்கள் செய்தோம். கண்காணிப்புக் கணினிக்கு 4ஜி ரவுட்டர் ஒன்றை வாங்கிக் கொடுத்து, கட்டளையும் கோளாறுச் செய்தியும் செய்மதியைத் தொடாமல் போய்வர வழிசெய்தோம். இரண்டாவதாக, வலுவை மாற்றும் எந்தக் கட்டளையும் ஒருமுறைக்கு 1 டெசிபெலுக்கு மேல் நகர்த்தக்கூடாது என்று மென்பொருளில் பூட்டினோம். மூன்றாவதுதான் மிகவும் பயன்பட்டது: கட்டளை கொடுத்து 10 நிமிடத்துக்குள் நான் "சரி" என்று உறுதிப்படுத்தாவிட்டால், கணினி தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். 4ஜி இல்லாமல் கரியர் வழியாகவே கட்டளை கொடுக்க நேர்ந்தாலும், கரியர் போனால் என்னால் உறுதிப்படுத்த முடியாது. உறுதிப்படுத்த முடியாவிட்டால் கரியர் திரும்பிவரும். இரண்டாவது திறப்பு ஒன்றைச் செய்து காவலாளி ஐயாவிடம் கொடுத்ததையும் சேர்த்தால் நான்கு மாற்றங்கள்.

4ஜி வந்த பிறகு குறுஞ்செய்தி அனுப்பும் வசதியும் வந்தது. முதல் மாதத்தில் எல்லாக் கோளாறுக்கும் செய்தி வரும்படி வைத்தேன். மழைபெய்த ஓர் இரவில் 212 செய்திகள் வந்தன; தொடர்பு ஒன்று தளர்ந்து ஒட்டியும் விட்டும் விளையாடியிருக்கிறது. மறுநாள் நான் கைத்தொலைபேசியை மௌனமாக்கினேன், அதாவது நானே கண்காணிப்பை நிறுத்தினேன். இப்போது ஒரு கோளாறு 30 விநாடி தொடர்ந்து நின்றால் மட்டுமே செய்தி வரும். அது தீரும்வரை அதே கோளாறுக்கு மறுசெய்தி இல்லை. இதற்கு எதிர்மாறாக, எல்லாம் நலமாக இருந்தாலும் தினமும் காலை 6 மணிக்கு இரண்டு அம்பிளிபயர்களின் வெப்பநிலையும் வலுவும் அடங்கிய ஒரு செய்தி வரும். அது வராத காலைதான் நான் பயப்படும் காலை. ஒவ்வொரு நாளும் 6 மணிக்குத் தவறாமல் எனக்குச் செய்தி அனுப்புவது யார் என்று என் மனைவி கேட்டு, அம்பிளிபயர் என்று நான் சொல்லி, அவர் நம்பாமல் கைத்தொலைபேசியை வாங்கிப் பார்த்ததும் உண்டு.

வலையமைப்புக் கருவிகளைக் கண்காணிக்கும் எஸ்.என்.எம்.பி. முறையில் அம்பிளிபயரே தானாக அனுப்பும் அறிவிப்புகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். புதிதாக வந்த பெட்டியில் அந்த வசதி இருந்ததால் இனி 10 விநாடிக்கொருமுறை கேட்கத் தேவையில்லை என்று எங்கள் தம்பி ஒருவர் மகிழ்ந்தார். அந்த அறிவிப்பு போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பியவர் அறிய வழியில்லாத வகையில்தான் சாதாரணமாக அனுப்பப்படுகிறது. வழியில் தொலைந்தால் தொலைந்ததுதான். மின்சாரம் போய்ச் செத்த பெட்டியால் அறிவிப்பு அனுப்பவும் முடியாது. ஆகவே அறிவிப்பையும் வைத்துக்கொண்டு, கேட்பதையும் நிறுத்தாமல் வைத்திருக்கிறோம். பெட்டியோடு வரும் தொழிற்சாலைக் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்ற வேண்டும். அதன் இணையப் பக்கத்தைப் பொது இணையத்துக்குத் திறந்துவிடக் கூடாது. அதில் வெளியீட்டை நிறுத்தும் "மௌனம்" பொத்தானை எவர் அழுத்தினாலும் நிலையம் ஊமையாகிவிடும்.

இனி அளவீடுகள். கோளாறு என்று சிவப்பு விளக்கு எரிவது கடைசிக் கட்டம். அதற்குப் பல நாட்களுக்கு முன்னரே எண்கள் பேசத் தொடங்கிவிடும். வெப்பநிலையைத் தனியே பார்ப்பதில் இங்கே பயனில்லை. வைகாசி முதல் கச்சான் காற்று வீசும் மாதங்களில் நண்பகல் வெயில் 36, 37 பாகைக்குப் போகும். மார்கழி இரவில் 23க்கு இறங்கும். அம்பிளிபயரின் வெப்பநிலை இவற்றோடு சேர்ந்து ஏறி இறங்குமே தவிர, அதன் நலத்தைச் சொல்லாது. நான் நிழலில் ஒரு வெப்பமானியை வைத்து, இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை மட்டும் வரைபடமாக்கினேன். எங்கள் பெட்டிகளில் அது ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கும். ஒரு கச்சான் காலத்தில் ஏயின் வேறுபாடு மூன்று கிழமையில் 7 பாகை மேலே ஊர்ந்தது. எச்சரிக்கை எல்லை இன்னும் வெகுதூரத்தில் இருந்தது, விளக்கு பச்சை. காவலாளி ஐயாவை அழைத்து மின்விசிறி சத்தம் கேட்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். "ஒண்டு பாடுது தம்பி, மற்றது முனகுது" என்றார். போய்ப் பார்த்தபோது ஒரு விசிறியின் தாங்கி உப்பேறி இறுகியிருந்தது. மற்றதன் கம்பிவலையில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. கூட்டைச் சுரண்டி எறிந்து, விசிறியை மாற்றியதும் வேறுபாடு பழைய அளவுக்குத் திரும்பியது. கடலிலிருந்து இவ்வளவு கிட்ட இருக்கும் இடத்தில் விசிறிகளைப் பழுதாகும்வரை விடாமல் இரண்டு ஆண்டுக்கொருமுறை மாற்றிவிடுவதே மலிவு என்பது என் முடிவு. வறண்ட நாட்களில் நல்ல தண்ணீரால் செதிள்களின் உப்பைக் கழுவுவதும் உதவும். அழுத்தக் குழாயால் அடிக்கக்கூடாது.

வெளியீட்டு வலுவைப் பார்க்கும்போது எவ்வளவு விழுந்தது என்பதே எது பழுதென்று சொல்லிவிடும். உள்ளே இரண்டு பெருக்குப் பகுதிகளின் வலுவைச் சேர்த்து வெளியே தரும் வகை அம்பிளிபயரில் ஒன்று செத்தால் வலு பாதியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, கால்வாசியாகும், அதாவது 6 டெசிபெல் விழும். மிஞ்சிய பகுதி தரும் வலுவிலும் பாதி, சேர்க்கும் இடத்திலேயே வெப்பமாக வீணாவது அதற்குக் காரணம். ஆகவே திடீரென்று 6 டெசிபெல் விழுந்தால் பெட்டிக்குள் ஒரு பகுதி செத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். வலு முழுவதுமாக நின்று, பெட்டி தன்னை மௌனமாக்கிக்கொண்டிருந்தால், முதலில் மோடத்திலிருந்து வரும் 10 மெகாஹேர்ட்ஸ் ஆதாரச் சமிக்ஞையைப் பார்க்க வேண்டும். அது வராவிட்டால் அம்பிளிபயர் தன் மீடிறனைப் பூட்ட முடியாமல் வாயை மூடிக்கொள்ளும். அயலவரின் கரியர் மேல் அலைந்து விழாமல் இருப்பதற்காக அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் மோடத்தில் யாரோ அந்த ஆதாரத்தை அணைத்திருப்பார்கள், அல்லது கேபிள் முனைக்குள் தண்ணீர் போயிருக்கும். அம்பிளிபயரில் ஒரு குறையும் இராது.

திரும்பிவரும் வலு எனக்கு மிகவும் பிடித்த அளவீடு. அன்டெனா வாங்காமல் திருப்பி அனுப்பும் வலு அது. சென்ற ஐப்பசியில் மழை தொடங்கியதும் அது ஒவ்வோர் இரவும் ஏறி, மறுநாள் காலை 11 மணியளவில் வெயிலோடு இறங்கியது. அம்பிளிபயர் வெயிலையும் மழையையும் பார்த்துக் கெடுவதில்லை. தண்ணீர் புகுந்து காயும் இடம் ஒன்று வேவ்கைட் பாதையில் இருக்க வேண்டும். நாங்கள் பூமத்திய கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் நாங்கள் பயன்படுத்தும் செய்மதி ஏறத்தாழ 60 பாகை உயரத்தில் நிற்கிறது. அன்டெனா வானத்தைப் பார்த்து மல்லாந்திருக்கிறது. அதன் நடுவில் இருக்கும் ஊட்டுக் கொம்பின் வாயும் மேல்நோக்கியே இருக்கிறது. அந்த வாயை மெல்லிய பிளாஸ்ரிக் தாள் ஒன்று மூடியிருக்கும். ஏணி வைத்துப் பார்த்தபோது அதில் காகம் கொத்திய துளைகள் மூன்று இருந்தன. தாளின் ஓரத்தில் எங்கோ தூக்கிவந்த மீன்முள்ளும் கிடந்தது. குழாயின் வளைவுக்குள் ஒரு கரண்டி அளவு தண்ணீர் நின்றது. தாளை மாற்றி, குழாயைக் காயவைத்து, கொம்பின் விளிம்பைச் சுற்றி மீன்பிடி நைலோன் நூலைக் கட்டினோம். காகம் இப்போது எதிர்வீட்டுத் தண்ணீர்த் தாங்கியில் இருந்து எங்களைப் பார்க்கிறது.

ஏணி என்றதும் சொல்லாமல் விடக்கூடாத ஒன்று இருக்கிறது. தொலைவிலிருந்து இயக்கும் வசதி வந்த நாளிலிருந்து, அன்டெனாவின் அருகில் நிற்பவரின் உயிர் தொலைவில் இருப்பவரின் விரலில் இருக்கிறது. சி அலைவரிசையின் வேவ்கைட் குழாயின் உட்புறம் ஏறத்தாழ 35 மில்லிமீற்றருக்கு 16 மில்லிமீற்றர். 40 வாட் அந்தச் சிறு வாயில் வெளியேறினால் சதுர சென்ரிமீற்றருக்கு 7 வாட்டுக்கு மேல் வரும். வேலைத்தளத்தில் இருப்போருக்கு 1998இல் வகுக்கப்பட்ட சர்வதேச வழிகாட்டி எல்லை சதுர மீற்றருக்கு 50 வாட், அதைவிட இது ஆயிரம் மடங்குக்கும் அதிகம். கண்ணுக்குத்தான் முதல் கேடு, வலியும் தெரியாது. நான் ஒருமுறை குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, கரியர் மௌனமாக இருப்பதைக் கண்ட கொழும்பு நண்பர் உதவி செய்வதாக எண்ணி மௌனத்தை நீக்கக் கட்டளை அனுப்பினார். மின்வழங்கலை நான் உள்ளேயே நிறுத்தியிருந்ததால் ஒன்றும் நடக்கவில்லை. மௌனக் கட்டளையை நம்பி யாரும் குழாயைத் திறக்க வேண்டாம். மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சைப் பூட்டி, திறப்பைத் தன் பையில் வைத்துக்கொண்டுதான் ஏற வேண்டும். இது எங்கள் நிலையத்தில் இப்போது எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது.

மின்சாரம் இல்லாத நாட்களிலும் தொலைக்கட்டுப்பாடு கைகொடுத்தது. 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் எங்களுக்கு வடக்கே கரையைக் கடந்தபோது, வீட்டில் இருந்தபடியே 48 வோல்ற் பற்றரி இறங்குவதைக் கைத்தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். காத்திருக்கும் அம்பிளிபயரும் வேலைசெய்யும் அம்பிளிபயரும் ஏறத்தாழ ஒரே அளவு மின்சாரம், ஒவ்வொன்றும் 300 வாட்டுக்கு மேல், குடிப்பதால் காத்திருப்பதை நிறுத்தியதும் பற்றரி இறங்கும் வேகம் கண்முன்னே குறைந்தது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது, டீசலும் கிடைக்காத நிலையில், இதையே தினசரி முறையாக்கினோம்: மின்சாரம் போனதும் கணினி 10 நிமிடம் பொறுத்து, காத்திருக்கும் பெட்டியை நிறுத்தும், திரும்பி வந்ததும் இயக்கும். ஒரு குறை மட்டும் இருந்தது. அந்தப் பெட்டி நிறுத்தப்பட்டதும், நான் முன்னே பெருமையோடு சொன்ன அந்தக் கோளாறுத் தொடுப்பு திறந்து, நாளுக்கு மூன்று தடவை மணி அடித்தது. வேண்டுமென்றே நிறுத்தியதையும் தானாகச் செத்ததையும் வேறுபடுத்த மென்பொருளில் நான்கு வரி எழுத வேண்டியிருந்தது.

கடைசியாக எஞ்சியிருந்த தலையிடி இடிமின்னல்தான். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரங்களில் இடி முழங்கும்போது, அன்டெனாவுக்கும் அறைக்கும் இடையில் ஓடும் ஆர்.எஸ். 485 கம்பியில் தூண்டப்படும் மின்னழுத்தம் முனைக்கருவியை எரித்துவந்தது. இரண்டு ஆண்டில் நான்கு மாற்றியாயிற்று. நிலத்தொடுப்பைத் திருத்தினோம், ஒளியால் பிரிக்கும் வகை முனைக்கருவி போட்டோம். அதுவும் ஒரு சித்திரையில் கருகியது. கடைசியில் செப்புக் கம்பியையே கைவிட்டு, 60 மீற்றருக்குக் கண்ணாடி இழை இழுத்து, இரண்டு முனையிலும் மாற்றிகள் வைத்தோம். கண்ணாடியில் மின்னல் ஓடாது. அதன்பின் இரண்டு ஐப்பசி கடந்தும் ஒன்றும் எரியவில்லை. ஆனால் போன கிழமை சாம்பல் நிறத்தில் "பதில் இல்லை" என்று வந்தது. போய்ப் பார்த்தால், மதிலோரத்து வேம்பில் குடியிருக்கும் அணில் கேபிளின் மேலுறையைக் கடித்து, இழைவரை போயிருக்கிறது. வருகிற சனிக்கிழமை இரும்புக் குழாய் போடுகிறோம்.